கல்லு மலையில கண்ணாடி ஜன்னல்

வா மாப்பிள்ளே, உக்காரு. அந்த நாற்காலி வேணாம், ஒரு காலு ஆடும். பிடிக்காத விருந்தாளிக்குன்னு உன் அத்தை ஒதுக்கி வச்சிருக்கா. இப்படித் திண்ணையில உக்காரு. விஷயம் எனக்கு நேத்தே வந்து சேந்துருச்சு. தானா ராத்தாவுல ஒருத்தன் தும்மினா பிரிஞ்சாங்ல இருக்கிறவன் மருந்து சொல்ற ஊரு இது.

உன் ஹோம்ஸ்டேக்கு வந்த வெள்ளைக்காரம்மா, சாவியைக் கையில வாங்குறதுக்கு முன்னாடியே, "இந்த வீட்டுல ரேடான் அளந்திருக்கீங்களா?"ன்னு கேட்டுச்சாம். நீ பல்லைக் காட்டிக்கிட்டு, "வைஃபை இருக்கு, ஹீட்டர் இருக்கு மேடம், ரேடான் அடுத்த மாசம் மாட்டிருவோம்"னு சொன்னியாம். சபாஷ்! எங்க அக்கா பத்து மாசம் சுமந்து பெத்தது வீண் போகல. அப்புறம் ராத்திரி பூரா போனைத் தேய்ச்சு, புற்றுநோய்ங்கிற வார்த்தையைப் பாத்துட்டு, விடியறதுக்குள்ள மாமன் வாசல்ல வந்து நிக்கிறே.

நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில டிரஸ்ஸரா இருந்தவன். அயோடின் தடவுனவன், இருமல் மருந்து ஊத்துனவன். இங்க பாதிப் பேரு என்னைக் கேட்டுட்டுத்தான் டாக்டர்கிட்ட போவாங்க. மீதிப் பேரு டாக்டர் சொன்னது சரிதானான்னு என்னைக் கேக்க வருவாங்க. அதனால நான் சொல்றதை நம்பித்தான் ஆகணும்னு இல்ல, ஆனா கேட்டுக்க.

ரேடான் ஏற்கெனவே உன் வீட்டுல இருக்கு மாப்பிள்ளே. என் வீட்டுலயும் இருக்கு, கோலாலம்பூர்ல மந்திரி வீட்டுலயும் இருக்கு. எவ்வளவு இருக்குன்னு கேட்டிருக்கு அந்தம்மா. இருக்கான்னு கேட்டதா நீ நினைச்சிட்டே.

நீ வீடு கட்ட மலையை வெட்டினப்போ, பாறை வந்துருச்சுன்னு சொல்லி கான்ட்ராக்டர் கூடக் காசு கேட்டானே, ஞாபகம் இருக்கா? அந்தப் பாறைதான் கருங்கல்லு. தித்திவங்சா மலைத்தொடரே அந்தக் கல்லுதான். ஏறக்குறைய 20 கோடி வருசப் பழசு. கருங்கல்லுல கொஞ்சம் யுரேனியம், கொஞ்சம் தோரியம் கலந்துதான் இருக்கும். ஐ.நா.வோட கதிர்வீச்சுக் குழு 2000-ல போட்ட அறிக்கையில பல நாட்டு மண்ணையும் கணக்குப் போட்டு வச்சிருக்கு. மலேசியா மண்ணுல கிலோவுக்கு ரேடியம் சராசரி 67 பெக்கரல், உலகத்துக்கு 35. தோரியம் நமக்கு 82, உலகத்துக்கு 30. ஒரு பெக்கரல்னா நொடிக்கு ஒரு அணு உடையுதுன்னு அர்த்தம். நம்ம நாட்டு மண்ணு எல்லாத்துலயும் கொஞ்சம் தாராளம்னு சொல்லுவாங்களே, இதுலயும் அப்படித்தான்.

இப்ப இந்தக் குடும்பக் கதையைக் கேளு. உன் சம்பந்தி வீட்டைவிடச் சிக்கலான குடும்பம். கல்லுக்குள்ள யுரேனியம்னு ஒரு பாட்டன். லேசுல சாக மாட்டாரு. பாதி கரையறதுக்கே 447 கோடி வருசம் ஆகும். அவரு வம்சத்துல சில தலைமுறை தாண்டி ரேடியம்னு ஒருத்தரு, அவருக்குப் பாதி ஆயுசு 1,600 வருசம். இதுவரைக்கும் எல்லாரும் பொறந்த கல்லை விட்டு நகராத குடித்தனக்காரங்க. ரேடியத்துக்குப் பொறந்தவன்தான் ரேடான். அந்த வம்சத்துலயே வாயுவாப் பொறந்தவன் அவன் ஒருத்தன்தான். நிறம் இல்ல, மணம் இல்ல, ருசி இல்ல, யாரோடயும் ஒட்டி உறவாடவும் மாட்டான். கல்லு வெடிப்பு, மண்ணு இடுக்கு எல்லாத்துலயும் புகுந்து மேல வந்துருவான். அவனுக்குப் பாதி ஆயுசு 3.8 நாளு. மண்ணுலேருந்து உன் கீழ் ரூமுக்கு வந்து சேர அது தாராளம்.

அவனால நேரா வர்ற தொல்லை கம்மி. மூச்சுல போனான்னா மூச்சுலயே திரும்பிருவான். அவன் பெத்துப் போடுற பிள்ளைங்கதான் வம்பு. பொலோனியம், ஈயம், பிஸ்மத்னு எல்லாம் மறுபடியும் திடப்பொருள். தூசியில ஒட்டிக்கிட்டு நீ இழுக்கிற மூச்சோட உள்ள போயி நுரையீரல்ல உக்காந்துக்கும். பொலோனியம் 218-க்கு மூணு நிமிசம் பாதி ஆயுசு, பொலோனியம் 214-க்கு ஒரு நொடியில ஆயிரத்துல ஒரு பங்குகூடக் கிடையாது. போகும்போது சும்மா போகாது, ஆல்ஃபா துகளை வீசிட்டுப் போகும். அந்தத் துகளை வெளியில ஒரு காகிதம் தடுத்துரும், உன் தடிச்ச தோலு தடுத்துரும். நுரையீரலுக்குள்ள தோலு ஏது, காகிதம் ஏது? பக்கத்துல இருக்கிற உசிரணுவுலதான் பாயும். பாயுறது ஒவ்வொண்ணும் நோயாகிறது இல்ல. வருசக்கணக்காப் பாஞ்சா, எங்கயாவது ஒண்ணு கோணலா வளர ஆரம்பிக்கும்.

இது புதுசாக் கண்டுபிடிச்ச பயம் இல்ல. ஜெர்மனியில ஷ்னீபெர்க்னு ஒரு சுரங்க ஊரு. அங்க சுரங்கத்துல இறங்கினவங்க நெஞ்சு நோவு வந்து வயசாகிறதுக்கு முன்னாடியே போறதைப் பல தலைமுறையா 'மலை நோய்'னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க. 1879-ல ரெண்டு டாக்டருங்க அறுத்துப் பாத்து, இது நுரையீரல் புற்றுன்னு எழுதி வச்சாங்க. ரேடான்னு ஒண்ணு இருக்குன்னே அப்ப உலகத்துக்குத் தெரியாது. உலகச் சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 1988-ல, மனுசனுக்குப் புற்று வர வைக்கும்னு உறுதியான பட்டியல்ல ரேடானைச் சேத்துச்சு. சிகரெட்டும் அதே பட்டியல்லதான் இருக்கு. அதைப் பத்தி அப்புறம் வர்றேன், நீ சட்டைப் பையை மூடாதே.

வீட்டுக்குள்ள எப்படிடா இது தெரிய வந்துச்சுன்னு கேளு, ருசியான கதை. 1984 டிசம்பர். அமெரிக்காவுல பென்சில்வேனியா. லிமரிக் அணுமின் நிலையத்துல ஸ்டான்லி வாட்ராஸ்னு ஒரு இன்ஜினியரு. வேலை முடிஞ்சு வெளிய போறவங்க மேல கதிர்வீச்சு ஒட்டியிருக்கான்னு பாக்க வாசல்ல மணி வச்சிருந்தாங்க. இந்த மனுசன் போனா மட்டும் மணி அடிக்குது. இத்தனைக்கும் உலை அப்ப ஓடவே ஆரம்பிக்கல. ஒரு நாள் காலையில வேலைக்கு உள்ள வரும்போதே அந்தக் கருவி முன்னாடி போயி நின்னாரு. அப்பவும் அடிச்சுது! வீட்டுலேருந்துதான் கொண்டு வந்திருக்காரு. போயி அளந்தா லிட்டருக்கு 2,700 பிக்கோகியூரி. அந்த நாட்டுல 4 வந்தாலே வீட்டைச் சரி பண்ணுன்னு இப்பச் சொல்றாங்க. அணு உலைக்குள்ள பத்திரமா இருந்த மனுசன், சொந்த வீட்டு சோபாவுல மாட்டிக்கிட்டாரு. குடும்பமே வெளியேறி, தரைக்கு அடியில குழாய் போட்டு, சில மாசத்துல திரும்பி வந்து குடியேறினாங்க. இதுல கவனிக்க வேண்டியது என்ன தெரியுமா? பக்கத்து வீட்டுல அந்த அளவு இல்ல. அதனால "எதிர்வீட்டுச் சீனன் நல்லாத்தானே இருக்கான்"னு என்கிட்ட வராதே.

சரி, நம்ம மலைக்கு வா. உன் தாத்தா காலத்துல தோட்டத்து ஆளுங்க குடியிருந்த லயத்துல பலகைச் சுவரு, தகரக் கூரை, ரெண்டுக்கும் நடுவுல கை நுழையிற இடைவெளி. ஒரு வீட்டுல குழம்பு கொதிச்சா ஆறாவது வீட்டுக்காரி உப்புக் கம்மின்னு சொல்லுவா. அந்த வீட்டுல எந்த வாயு தங்கும்? பனிதான் உள்ள வந்து படுக்கும். லயத்தை நான் கோயில் கட்டிக் கும்பிடச் சொல்லல. விறகு அடுப்புப் புகையில இருமின பொம்பளைங்க எத்தனை பேருக்கு மருந்து ஊத்தியிருக்கேன். ஆனா இந்த ஒரு விஷயத்துல அந்த ஓட்டை வீடு நல்ல வீடு. அதைவிட நல்ல வீடு இங்க இருக்கிற பூர்வகுடி செமாய் மக்களோடது. கால் நட்டு உசத்தின மூங்கில் வீடு. மண்ணுக்கும் தரைக்கும் நடுவுல காத்து ஓடும். மண்ணுலேருந்து என்ன வந்தாலும் தரையைத் தொடுறதுக்குள்ள பக்கவாட்டுல அடிச்சுக்கிட்டுப் போயிரும். இந்த மாதிரி காத்து ஓட்டம் வேணும்னு இன்னைக்கு ஐரோப்பாவுல இன்ஜினியருக்குக் காசு கொடுத்துப் படம் போடச் சொல்றாங்க.

நீ என்ன பண்ணினே? மலையை வெட்டினே. கீழ் ரூமோட பின் சுவரு நேரா மண்ணுல சாஞ்சிருக்கு. குளிருதுன்னு விருந்தாளி ரெண்டு பேரு எழுதிட்டாங்கன்னு ஜன்னலுக்கெல்லாம் ரப்பர் பட்டை ஒட்டி, கதவுக்கு அடியில தூரிகை வச்சு, ஈ புக முடியாம அடைச்சே. அடைச்சவன் மேல மட்டும் அடைச்சே. குளியலறையில தண்ணிக் குழாய் தரைக்குள்ள இறங்குற இடத்துல விரல் நுழையிற ஓட்டை இருக்கே, அதை அடைச்சியா? அன்னைக்குப் புதுமனைக்கு வந்தப்போ நானே பாத்தேன். அது மேல பிளாஸ்டிக் ரோஜாத் தொட்டியை வச்சு மறைச்சிருந்தே. உங்க அப்பாவும் இப்படித்தான், கடனைப் பூத்தொட்டிக்கு அடியிலதான் வைப்பாரு.

ராத்திரி வெளிய 15, 16 டிகிரி. உள்ள ஆளு மூச்சு, வெந்நீரு ஆவி, விளக்குன்னு சூடு. சூடான காத்து மேல ஏறி மாடி வழியாக் கசிஞ்சு போகும். போன காத்துக்கு ஈடா எங்கேருந்தாவது வரணும்ல? ஜன்னலைத்தான் நீ அடைச்சிட்டியே. அப்ப தரை வெடிப்பு, குழாய் ஓட்டை வழியா மண்ணுக்குள்ள இருக்கிற காத்தை வீடு உறிஞ்சும். குளியலறைக் காத்தாடியை ஓட விட்டா இன்னும் நல்லா உறிஞ்சும். வெள்ளைக்காரன் பழைய பங்களாவுல கணப்பு மூட்டி உக்காந்தானே, அங்கயும் இதே கதைதான். புகைபோக்கி மேல இழுக்க, மண்ணு கீழேருந்து கொடுக்கும். சமதரையில கோலாலம்பூர்க்காரன் வேர்த்துப் போயி ஜன்னலைத் திறந்துதான் ஆகணும். குளிர் மலைக்காரன்தான் அடைச்சுக்கிட்டுப் படுப்பான். அதான் மாப்பிள்ளே உன் விஷயத்துல நான் பேசவே ஆரம்பிச்சேன்.

பயத்துல நீ செலவு பண்றதுக்கு முன்னாடி இதையும் கேட்டுக்க. காத்து சுத்தப்படுத்துற மெஷின் ஆயிரத்து ஐநூறு வெள்ளிக்குப் பாத்து வச்சிருக்கியாமே. தூசியை வடிகட்டும், வாயுவை விட்டுரும். தூசியோட சில பிள்ளைங்க மாட்டும், அப்பன்காரன் நிமிசத்துக்கு நிமிசம் புதுசாப் பெத்துப் போட்டுக்கிட்டே இருப்பான். சமையலறை மேடையில போட்ட பளிங்கு மாதிரி கருங்கல்லை இடிச்சு எறியப் போறியாம். வேணாம், அதுலேருந்து வர்றது பொதுவா ரொம்பக் கம்மி, வீட்டுக்கு அடியில இருக்கிற மலைதான் முதலாளி. உன் பொண்டாட்டி சாம்பிராணி போடலாமான்னு கேட்டாளாம். சாமிக்குப் போடட்டும். ரேடானுக்குப் போட்டா புகைதான் கூடும். அப்புறம் தலைவலி, வாந்தி, மயக்கம் வந்தா ரேடான்னு நினைக்காதே. ரேடான் அப்படி எதையும் காட்டாது, வருசக்கணக்கா வாயைத் திறக்காது. குளிருக்குக் கரி அடுப்பை ரூமுக்குள்ள வச்சுக் கதவைச் சாத்தினா வர்றதுதான் அந்த மயக்கம். அது கார்பன் மோனாக்சைடு, ஒரே ராத்திரியில ஆளை முடிச்சிரும். பாட்டியைப் படுக்க வச்ச ரூம்ல போன மாசம் நீ கரிச்சட்டி வச்சிருந்ததை உன் அத்தை பாத்தா. முதல்ல அதைத் தூக்கி வெளிய போடு.

இப்ப புக்கிட் மேரா கதையை எடுத்துக்கிட்டு வருவே, தெரியும். மலைக்கு அந்தப் பக்கம், ஈப்போ பக்கத்துல. வெள்ளீயச் சுரங்கத்துல மிஞ்சின அமாங் மண்ணுலேருந்து அருமண் எடுக்க 1982-ல ஏசியன் ரேர் எர்த்னு கம்பெனி வந்துச்சு. தோரியக் கழிவைக் குவிச்சுது. மக்கள் கோர்ட்டுக்குப் போனாங்க. 1992-ல ஈப்போ உயர் நீதிமன்றம் மூடச் சொன்னுச்சு, 1993-ல உச்ச நீதிமன்றம் அதை மாத்திருச்சு, 1994-ல கம்பெனியே மூடிக்கிட்டுப் போச்சு. அந்த வெள்ளீயமும் அமாங்கும் நம்ம கருங்கல்லு கரைஞ்சு வந்த சொத்துதான். ஆனா அது மனுசன் குவிச்ச குப்பை, அதனால ஊரு கூடிக் கேஸ் போட்டுச்சு. உன் கீழ் ரூம்ல வர்றது மலை தானா விடுறது. தித்திவங்சாவுக்குச் சம்மன் அனுப்புவியா?

இந்தப் பக்கம் இப்படிப் பயம்னா, அந்தப் பக்கம் ஆஸ்திரியாவுல பாட் காஸ்டைன்னு ஒரு மலை ஊரு. தங்கம் தேடி வெட்டின சுரங்கத்துல ரேடான் நிறைய இருக்குன்னு, மூட்டு வலிக்காரங்களைக் குட்டி ரயில்ல ஏத்தி உள்ள கொண்டு போயி, படுக்க வச்சு மூச்சு வாங்கச் சொல்றாங்க. காசு வாங்கிக்கிட்டுத்தான்! கண்ணு மின்னுது பாரு உனக்கு. 'ரேடான் ஸ்பா'ன்னு போர்டு மாட்டினே, நானே வந்து பிடுங்குவேன்.

சரி, அந்தச் சட்டைப் பைக்கு வருவோம். ஐரோப்பாவுல 13 ஆய்வுகளை ஒண்ணாச் சேத்து, சாரா டார்பின்னு ஒரு அம்மா தலைமையில 2005-ல கணக்குப் போட்டாங்க. வீட்டுல ரேடான் கன மீட்டருக்கு 100 பெக்கரல் கூடக் கூட, நுரையீரல் புற்று ஆபத்து 16 சதவீதம் கூடுது. கேக்கப் பயமா இருக்குல்ல? இப்ப அதையே ஆளாப் பிரிச்சுப் பாரு. சிகரெட்டே தொடாதவன், ரேடானே இல்லாத வீட்டுல இருந்தா, 75 வயசுக்குள்ள நுரையீரல் புற்றுல போறவங்க ஆயிரத்துல 4 பேரு. 100 பெக்கரல் வீட்டுல 5 பேரு. 400 பெக்கரல் வீட்டுல 7 பேரு. சிகரெட் பிடிக்கிறவன் கணக்கு? ரேடானே இல்லாத வீட்டுல 100 பேரு. 100 பெக்கரல் வீட்டுல 120, 400 பெக்கரல் வீட்டுல 160. ஏன்டா, சிகரெட் பிடிக்காதவனுக்கு மலையே சேந்து அமுக்கினாலும் 4-லேருந்து 7. உனக்கு ஆரம்பமே 100-லதான்டா! ரேடான் உன் சிகரெட்டு மேல ஏறி உக்காந்துக்கிட்டு இன்னும் 60 பேரைக் கேக்குது.

2019-லேருந்து சாப்பாட்டுக் கடையில புகைக்கத் தடை. நீ சட்டத்தை மதிச்சு, மூணு மீட்டர் தள்ளிப் போயி நின்னு, மழையில நனைஞ்சுக்கிட்டு ஊதுறே. வீட்டுக்கு வந்து, ஜன்னலைச் சாத்திக்கிட்டு, கண்ணுக்குத் தெரியாத வாயுவை நினைச்சுத் தூக்கம் வராமப் புரண்டு படுத்து, மனசு கேக்காம எழுந்து போயி இன்னொண்ணு பத்த வைக்கிறே. உன் மாதிரி ஒரு நோயாளி தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தா, மருந்துக்குப் பதிலாப் பிரம்பை எடுத்திருப்பேன்.

செய்ய வேண்டியது அதிகம் இல்ல. காலையில விருந்தாளி கொழுந்துக்காட்டைப் படம் எடுக்கப் போன உடனே கீழ் ரூம்ல ரெண்டு பக்க ஜன்னலையும் திறந்து விடு. பின்னால மண்ணுச் சுவரு, ஜன்னலே இல்லேன்னா மேல ஒரு காத்துத் துவாரம் போடு. வெளிக்காத்துல ரேடான் பொதுவா 5-லேருந்து 15 பெக்கரல்தான், அதை உள்ள விடக் கூலி கொடுக்க வேணாம். அந்த ரோஜாத் தொட்டியைத் தூக்கிட்டு ஓட்டையைச் சிமெண்ட் வச்சு அடை. தரை வெடிப்பையும் அடை. அடைக்கிறது மட்டும் போதும்னு நினைச்சு ஜன்னலை மறுபடி சாத்திராதே. மலை ஊத்துலேருந்து நேராக் குழாய் போட்டுத் தண்ணி எடுக்கிறியே, வெந்நீர்ல குளிக்கும்போது அதுலேருந்தும் கொஞ்சம் ரேடான் பிரியும். குளியலறை ஜன்னலும் திறந்திருக்கட்டும்.

அப்புறம் அளந்து பாரு. உலகச் சுகாதார நிறுவனம் 2009-ல சொன்ன கணக்கு, கன மீட்டருக்கு 100 பெக்கரலுக்குள்ள வச்சுக்க, முடியாத இடத்துலயும் 300-ஐத் தாண்டாதே. அதுக்கு மேல வந்துச்சுன்னா வாட்ராஸ் வீட்டுல செஞ்ச மாதிரி, தரைக்கு அடியில ஒரு குழாயை இறக்கி, சின்னக் காத்தாடி வச்சு, கூரைக்கு மேல ஊதி விட்டுறலாம். கழிவறைக் குழாய் போடத் தெரிஞ்ச எந்த வேலைக்காரனுக்கும் இது புரியும். நீ மட்டும் பக்கத்துல நின்னு யோசனை சொல்லாம இருக்கணும். அளக்கிற கருவி விரல் அளவு பிளாஸ்டிக் துண்டு, மின்சாரம் வேணாம், சத்தம் போடாது. ஆல்ஃபா துகள் பட்ட தடம் அதுல பதியும். பாங்கியில மலேசிய அணுசக்தி நிறுவனம் இருக்கு. கதிர்வீச்சு அளக்கிறவங்க அங்கதான் இருக்காங்க, யாருகிட்ட வாங்கலாம்னு அங்க கேளு. வாங்கினதும் கீழ் ரூம்ல, படுக்கிறவன் மூக்கு இருக்கிற உயரத்துல, ஜன்னலுக்கும் குளியலறைக்கும் தள்ளி வை. ரெண்டு நாள்ல எடுத்துப் பாக்காதே, ராத்திரிக்கு ராத்திரி அளவு மாறும். மூணு மாசம் அப்படியே கிடக்கட்டும். உன் சின்னவன் அதைக் கழட்டி விளையாடாமப் பாத்துக்க, அந்த ரூம்ல யாரையும் ஊத விடாதே. உன்னையும் சேத்துத்தான் சொல்றேன்.